தப்பானா யாரைக் கேக்கறது?

அந்த அக்கா யாருடைய கையையாவது பிடித்து அழுத்திவிட்டால், முடிந்ததும் அவருடைய சட்டை ஓரத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவார். பொட்டு அளவுக்கு வட்டமான வெள்ளை ஸ்டிக்கர். அதில் ஒரு எண் இருக்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. ஒரு பீஸைப் பார்த்து முடித்ததும் அந்த எண்ணை ஒட்டிவிட வேண்டும். கடல் தாண்டிப் போன பிறகு அதில் ஓட்டை இருந்தால் யார் பார்த்து அனுப்பியது என்று கண்டுபிடிப்பதற்காக. அக்கா அதே ஸ்டிக்கரைத்தான் மனிதர்களுக்கும் ஒட்டினார்.

"எதுக்குக்கா இது?" என்று முதல் தடவை கேட்டேன். கழுத்து வலி என்று போய் உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்கு உங்களுக்கு வலி எச்சா ஆயிருச்சுன்னா, யாரு அழுத்துனதுன்னு தெரியோணுமில்லீங்க தம்பி?"

"அதான் நீங்கன்னு எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும். உங்க ஊட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியோணுமல்லங்க. நீங்க பேச முடியாமப் போயிட்டீங்கன்னா?"

கழுத்து வலி அந்த நிமிடமே பாதி போய்விட்டது. பயத்தில்.

நான் அப்போது திருப்பூர் முதலிபாளையத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மண்ணரையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் அனுப்புவதும், அதற்கு வரும் பதிலுக்காகத் திட்டு வாங்குவதும் என் வேலை. அக்கா செக்கிங் பகுதிக்குப் பொறுப்பு. சேலைக்கு மேல் கம்பெனி கோட்டு, கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரி, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. சொந்த ஊர் மடத்துக்குளம். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். பேசாததற்குக் காரணம் போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது.

அக்காவுக்குக் கம்பெனியை விட்டு வெளியே வந்தாலும் கண் மூடாது. வீட்டுக்காரர் முடி வெட்டிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார். "ரெண்டு கிருதாவும் ஒரே அளவா இல்லீங்க. இன்னொருக்காப் போயிட்டு வந்துருங்க." அவர் போவார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மேடைத் திரையில் தையல் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கெட்டிமேளம் கொட்டும்போது மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டிருந்தவர் அக்கா. தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. "பாத்தும் பாக்காத மாதிரி உட்டுப்போட்டா, அப்பறம் அது நம்ம தப்பு ஆயிருமுங்க" என்பார். இதை அவர் சொல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

நாள் முழுக்க மேசை முன்னால் நின்று நின்று அக்காவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. யாரோ சொல்லி, ஓர் அக்குபிரஷர் முகாமில் போய்க் கையைக் காட்டியிருக்கிறார். அங்கிருந்த மாஸ்டர் உள்ளங்கையில் எங்கெங்கோ அழுத்த, தோள் வலி இறங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே ஊருக்கெல்லாம் கைவைத்தியம் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அக்கா, "எனக்கு நல்லாயிருச்சுங்கறதுக்காக எல்லாத்துக்கும் நல்லாயிருமுங்களா? மொறையாப் படிச்சுப்போட்டுத்தான் அடுத்தவங்க மேல கைய வெக்கோணும்" என்று அதே மாஸ்டர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். பழகுவதற்கு ஒரு கை வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் வேறு வேலை இருக்கவில்லை.

வகுப்பு ஒரு பேக்கரியின் மாடியில் நடந்தது. மாஸ்டர் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். நல்ல மனிதர், கணீரென்ற குரல். சுவர் முழுக்க உள்ளங்கைப் படமும் பாதத்தின் படமும் தொங்கும்.

"உடம்புங்கறது ஒரு வீடு. உள்ளங்கைதான் அதோட சுவிட்ச் போர்டு" என்று முதல் நாள் ஆரம்பித்தார்.

அக்கா கையைத் தூக்கினார். "தப்பான சுவிட்சைப் போட்டுட்டா என்னங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. இதுல பக்கவிளைவே கிடையாது."

"ஒண்ணுமே ஆகாதுங்களா?"

"ஒண்ணுமே ஆகாது."

அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "தப்பா அழுத்துனா ஒண்ணுமே ஆகாதுன்னா, சரியா அழுத்துனா மட்டும் எப்படீங்க ஆகும்?"

கீழே இருந்து முட்டை பப்ஸ் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டார்.

கிண்டலுக்காக அக்கா அப்படிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் மாஸ்டருக்குச் சிக்கலாக இருந்தது. கிண்டல் செய்கிறவர்களைச் சமாளித்துவிடலாம். "கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அழுத்துனா தலைவலி போகும்" என்று அவர் சொன்னால், "மாசமா இருக்கற பொண்ணுகளுக்கும் அழுத்தலாமுங்களா?" என்று அக்கா கேட்பார். "அவங்களுக்கு மட்டும் அங்க வேண்டாம்மா" என்பார் மாஸ்டர். "அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது?" என்பார் அக்கா. மறுபடி டீ வரும். அந்தப் பேக்கரிக்காரர் எங்களால் நன்றாக வாழ்ந்தார்.

பரீட்சை நாளன்று என் கையைத்தான் மேசை மேல் நீட்டி வைத்திருந்தேன். மாஸ்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இதைக் காட்டு, அதைக் காட்டு என்றார். அக்காவிடம் வயிற்றுக்கான இடத்தைக் காட்டச் சொன்னார். அக்கா அழுத்தினார். மாஸ்டர் தலையாட்டி டிக் போட்டார். வீட்டுக்குப் போன அக்கா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அவர் அழுத்தியது சிறுநீரகம்.

அடுத்த வாரம் பட்டமளிப்பு விழா. சின்னக் கல்யாண மண்டபம். எல்லோருக்கும் வாடகைக் கறுப்பு அங்கி. ஒரு நூல் மில் முதலாளி சிறப்பு விருந்தினராக வந்து, அவரும் அங்கி மாட்டிக்கொண்டு நின்றார். அக்கா பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினார். சான்றிதழை நீட்டிய விருந்தினரின் அங்கிக் கையில் நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா கழுத்திலிருந்த கத்தரியை எடுத்து, கணத்தில் அதை வெட்டினார். விருந்தினர் அரண்டு ஓரடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்க. ஓவர்லாக் தையல் உட்டிருக்குதுங்க. அப்படியே இழுத்துட்டே போச்சுன்னா கையே தனியா வந்துரும்" என்றார் அக்கா.

யாருடைய கை என்று விருந்தினருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அக்கா மாஸ்டர் பக்கம் திரும்பினார். "எனக்கு இது வேண்டாமுங்க. நான் பெயிலு."

"நீங்க பாஸும்மா. டிக் போட்டிருக்கேனே."

"வவுத்தைக் காட்டுன்னீங்க. நான் கிட்னியக் காட்டுனேனுங்க. நீங்களும் பாக்கலை."

"அம்மா, வாங்கிக்கிட்டுப் போங்கம்மா. போட்டோ எடுக்கறாங்க. இங்க படிக்க வந்த எல்லாருமே பாஸ்தான்."

"எல்லாருமே பாஸுன்னா எதுக்குங்க பரீட்சை?"

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்காவைத் தவிர மேடையில் எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாஸ்டர் கெஞ்சியதற்காகப் போட்டோவுக்கு மட்டும் பிடித்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்தப் போட்டோ பிறகு மாஸ்டரின் விளம்பரத்தில் வந்தது. மற்றவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு நிற்க, அக்கா மட்டும் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையை விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்.

மாஸ்டர் பெரிய மனசுக்காரர்தான். இன்னொரு ஞாயிறு தனியாகக் கூப்பிட்டு, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்டு, சான்றிதழை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அத்தோடு விட்டதா என்றால், இல்லை. லைசென்ஸ் வேண்டும் என்று அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"இதுக்கு லைசென்ஸ் யாருங்க குடுக்கறது?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார். ஒருவர் அந்த ஆபீஸ் என்றார், இன்னொருவர் இந்த ஆபீஸ் என்றார். வெளியூரில் தேர்வு எழுத வேண்டும் என்றார் ஒருவர். எதுவுமே தேவையில்லை என்றார் மற்றவர். கடைசியில் பைக்கின் பின்னால் உட்கார வைத்து ஓர் அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே தொழில் உரிமம் தருகிற மேசையில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெற்றியைப் பிடித்தபடியே கேட்டார்.

"என்ன தொழில்?"

"அழுத்தறதுங்க."

"என்னத்தம்மா அழுத்தறீங்க?"

"கையைங்க."

அவர் தன் பட்டியலில் விரலை ஓட்டினார். "அழகு நிலையம் இருக்குது. சலவை இருக்குது. மாவு மில்லு இருக்குது. கை அழுத்தறது இல்லையேம்மா."

"மாவு மில்லுக்கு லைசென்ஸ் வேணுமுங்களா?"

"வேணும்ல."

"மாவை அரைக்கறதுக்குக் கேக்கறீங்க. மனுசன அழுத்தறதுக்குக் கேக்க மாட்டேங்கறீங்களே?"

அவர் சிரித்துவிட்டார். "யாரும் கேக்கலைன்னா சந்தோசமாப் போயி அழுத்த வேண்டியதுதானம்மா."

"தப்பானா யாரு வந்து என்னைக் கேப்பாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க."

"அதாங்க பயமா இருக்குது" என்றார் அக்கா.

மனிதர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "காலையில இருந்து தலை விண்ணு விண்ணுங்குது. எங்க, உங்க தொழிலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கையை நீட்டினார். அக்கா அழுத்தினார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் வெளியே வரும்போது லைசென்ஸ் கிடைத்திருக்கவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் பாதிப் பேர் சட்டையில் வெள்ளை ஸ்டிக்கரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் முதலாளி விஷயம் இதற்குப் பிறகு நடந்தது. தோட்டத்தை விற்று மெஷின் வாங்கிப் போட்டு மேலே வந்தவர். உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அன்று ஷிப்மென்ட் போக வேண்டிய நாள். கண்டெய்னர் லாரி வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பேக்கிங் பகுதியில் முதலாளி வந்து ஓர் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குச் சட்டை நனைந்திருந்தது. இடது கையை நீவிக்கொண்டே இருந்தார்.

"கேஸ் டிரபுள். அம்மணியக் கூப்புடுங்க" என்றார்.

அக்கா வந்தார்.

"அம்மணி, அந்தக் கேஸுக்கு எங்கயோ அழுத்துவீங்களாமே, ஒரு அழுத்து அழுத்தி உடுங்க. கண்டெய்னரு நிக்குது."

அக்கா அவர் கையை எடுத்தார். "எப்பத்திருந்துங்க?"

"காத்தாலிருந்து. தாடையெல்லாம் இழுக்குது."

அக்கா அந்தக் கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாக அவர் மடியிலேயே திரும்ப வைத்தார். "இது எம்பட வேலை இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"ஷிப்மென்ட் போவட்டும், போலாம்."

மேனேஜர் அக்காவின் காதோரம் வந்தார். "சும்மா ரெண்டு நிமிசம் அழுத்துங்கக்கா. அவரோட திருப்திக்கு."

"அழுத்துனா ஒருவேளை வலி கொறைஞ்சு போயிருமுங்க. கொறைஞ்சா இவரு போக மாட்டாரு" என்றார் அக்கா. பிறகு திரும்பி, செக்கிங் மேசைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "லைட்டை அணைங்க புள்ளைகளா."

மேசைகளுக்கு மேலிருந்த டியூப் லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. எனக்குத் தெரிந்து அந்தக் கம்பெனியில் வேலை நேரத்தில் செக்கிங் லைட் அணைந்து அன்றுதான் பார்த்தேன். கடைசிப் பெட்டிகளுக்கான பீஸ்கள் மேசை மேலேயே கிடந்தன; அவற்றைப் பார்த்து முடிக்காமல் கண்டெய்னர் கிளம்பாது.

"என்ன பண்றீங்க அம்மணி?" முதலாளி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டீங்கன்னு போன் வரட்டுங்க. அப்பறம் லைட்டைப் போடறேன்."

"வேலைய உட்டு நிறுத்திப்போடுவேன்!"

"நிறுத்துங்க. ஆனா திரும்பி வந்து நிறுத்துங்க."

குரல் நடுங்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு, அக்காவின் கழுத்திலிருந்த கத்தரி கோட்டுப் பொத்தானில் இடித்து இடித்துச் சத்தம் போடுவது கேட்டது. வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு வேன் சம்பளமும் இந்த வேலையும்தான். முதலாளி சொன்னால் செய்கிறவர். அதோடு, இது நிஜமாகவே வெறும் கேஸாக இருந்துவிட்டால்?

முதலாளியின் கார் கண்டெய்னருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கேட்டில், வெட்டிப் போட்ட துணி மூட்டைகள் ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. மூட்டைகளுக்கு நடுவே முதலாளியைச் சாய்த்து உட்கார வைத்தோம். மேனேஜரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அத்தனை பெரிய முதலாளி, வண்ண வண்ணத் துணித் துண்டுகளுக்குள் புதைந்து, வழி நெடுக போனில் பையரின் ஏஜெண்டிடம், "இல்லீங்க, ஆன் த வேயில இருக்கறனுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஏஜெண்ட் சரக்கு கிளம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டர் உடனே உள்ளே தயார் செய்யச் சொன்னார். தள்ளுவண்டியை அவரே ஒரு கை பிடித்து உள்ளே கொண்டுபோனார். ரத்தக் குழாயில் அடைப்பு. சாயங்காலத்துக்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நான் கம்பெனிக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் போனை எடுத்தவர் அதை உள்ளே கத்திச் சொன்னார். பிறகு, "புள்ளைகளா, லைட்டைப் போடுங்க" என்று அக்காவின் குரல் கேட்டது.

முதலாளி திரும்பி வந்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதைவிடப் பெரிய தொந்தரவைக் கொடுத்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அம்மணி கையப் புடிச்சுது பாருங்க, அப்பவே உசுரு திரும்பிருச்சு" என்று சொல்லத் தொடங்கினார்.

"நான் அழுத்தவே இல்லீங்க!" என்று அக்கா பதறினார்.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றார்கள் வந்தவர்கள்.

ஒரு மாதத்துக்குள், ஹார்ட் அட்டாக்கையே அழுத்தி நிறுத்திய அக்கா என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. கேட் முன்னால் கூட்டம் நின்றது. நெஞ்சு வலிக்காரர்கள், சர்க்கரைப் புண்காரர்கள், பிள்ளை இல்லாதவர்கள். அக்கா ஒவ்வொருவரிடமும், "இது எம்பட வேலை இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். அவர்களும் போனார்கள். போய்க் குணமாகித் திரும்பி வந்து, அக்காவுக்கு மாலை போட்டார்கள். "அந்தக்கா கையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னாப் போதுமுங்க. அப்பறந்தான் டாக்டரு குடுக்கற மாத்திரையே வேலை செய்யுது" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார்.

முதலாளி கம்பெனிக்கு முன்னால் ஓர் அறையைக் கொடுத்து, பெயர்ப் பலகைக்கும் ஏற்பாடு செய்தார். பலகை எழுதுகிறவர் கொண்டுவந்ததையெல்லாம் அக்கா திருப்பி அனுப்பினார். ஒன்றில் டாக்டர் என்று இருந்தது. இன்னொன்றில் இதயம் படம் இருந்தது. கடைசியாக நின்ற பலகையில் இருந்தது இவ்வளவுதான்: தலைவலி, கழுத்து வலி, தோள் வலி. மத்ததுக்கு ஆஸ்பத்திரி.

அதற்குள் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். இரண்டொரு வருஷம் கழித்து ஒரு வேலையாகத் திருப்பூர் வந்தபோது அந்த அறைக்குப் போனேன். வாசலிலேயே அக்காவின் வீட்டுக்காரர் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"என்ன விசேசம்ண்ணே?"

"உள்ள போயி அதையே கேளுங்க" என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று தெரியவில்லை.

உள்ளே அக்கா முகமெல்லாம் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வாங்க தம்பி! பெயிலுங்க!"

"என்னக்கா சொல்றீங்க?"

தபால் வழியில் படிக்கிற படிப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். இதுவும் அழுத்துகிற படிப்புதான்; ஆனால் வெளியூர் போய், யாரென்றே தெரியாதவர்கள் காவல் இருக்க, பரீட்சை எழுத வேண்டுமாம். முடிவு அன்றுதான் வந்திருந்தது.

"உடற்கூறியல்ல பெயில் போட்டுட்டாங்க தம்பி. தோள்பட்டை எலும்பைக் கொண்டுபோயி இடுப்புல வெச்சு வரைஞ்சுட்டேனுங்க."

"அதுக்கா லட்டு?"

"பின்னெ? நான் எழுதுனதை ஆரோ ஒருத்தரு உக்காந்து படிச்சுப் பாத்திருக்காங்களேங்க! தப்பைத் தப்புன்னு போட்டிருக்காங்க. இவங்க பாஸுன்னு சொன்னா நம்பிக் கைய வெக்கலாமுங்க."

"அடுத்த தடவை பாஸாயிட்டா என்ன கொடுப்பீங்க?"

வாசலிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "நானும் அதைத்தான் நெனைச்சுப் பயந்துட்டிருக்கறேன் தம்பி."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக்கு மேலேயே முதுகில் விரலை ஓட்டினார். மேலேயிருந்து கீழே, ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஓரிடத்தில் விரல் நின்றது.

"தோள்பட்டை எலும்பு இங்கதானுங்களே முடியுது?"

"அங்கதான்க்கா."

"நீங்க படிச்சீங்களா?"

"இல்லையே."

"அப்பறம் எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, ஒரு விரலை என் முதுகிலேயே ஊன்றி வைத்தபடி, மற்ற கையால் புத்தகத்தை இழுத்து விரித்தார்.